பிள்ளையின் உடுப்பைப் பற்றிப் பேசினோம், அவளின் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஏ.எல் எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டில் நிற்கிற பிள்ளை உங்களுக்கு இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். வாசித்துவிட்டு நம்மோடு சண்டை பிடித்தாலும் பரவாயில்லை.

போன நோன்பின் கடைசிப் பத்தில் நமது ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு போட்டோ சுற்றியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கல்முனையில் ஒரு கடை வாசலில் கூடாரம் அடித்து, அபாயாவுக்கு மேலே கம்பனி டீசேட் போட்டுக்கொண்டு, மூன்று பெண் பிள்ளைகள் சலவைத்தூள் பக்கட்டும் கூப்பனும் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குக் கீழே வந்த கருத்துகள் எத்தனை! "இதுகளுக்கு வாப்பா இல்லையா?" என்று கேட்டார்கள். "படிக்க வைச்சதுக்கு இதுதான் பலன்" என்றார்கள். முகத்தை மறைக்காமல் போட்டோவைப் போட்டவரும் நோன்பு பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

நாமும் வாசித்தோம். ஒன்றும் எழுதாமல் கடந்து போனோம். அந்த மூவரில் ஒரு பிள்ளை நாம் படிப்பித்த பிள்ளை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நமது பிழை. அதற்குத்தான் இன்று இந்தப் பதிவு.

ஹஜ் பெருநாள் முடிந்த பிறகு ஒருநாள் மஃரிபுக்குப் பின் அந்தப் பிள்ளையும் அவளின் உம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பேசவில்லை. உம்மாதான் பேசினார்.

"டீச்சர், ஊரெல்லாம் எங்கட புள்ளைய ஏசினாக. சரி, அத வுடுங்க. அவள் நின்ட காசையாவது ஒழுங்காக் குடுத்தானுகளா எண்டு ஒருத்தர் கேக்கல்ல."

அந்த ஒரு வசனம் நம்மை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

பிள்ளையிடம் கணக்கைக் கேட்டோம். கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். நாள் ஒன்றுக்கு 2,500 ரூபா என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். ட்ரெயினிங் 2 நாள், வேலை 12 நாள், மொத்தம் 14 நாள் போயிருக்கிறாள். அவள் மனதில் போட்ட கணக்கு 35,000. ட்ரெயினிங் நாளுக்குக் காசில்லை என்று பிறகுதான் சொன்னார்களாம். மிச்சம் 30,000. டீசேட்டுக்கு 1,500 வெட்டு. இரண்டு நாள் பஸ் பிந்தியதற்கு அரை நாள் வீதம் 2,500 வெட்டு. டார்கட் அடிக்கவில்லை என்று 5,000 வெட்டு. கையில் வந்தது 21,000. அதுவும் வேலை முடிந்து இரண்டரை மாதத்துக்குப் பிறகு. பெருநாள் உடுப்புக்கு என்று உழைத்த காசு, அடுத்த பெருநாளும் முடிந்த பிறகு வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரவு 10 மணிக்கு வேலை முடிந்தால் பஸ் இல்லை. ஓட்டோவுக்கு ஒரு நாளைக்கு 600. 12 நாளைக்கு 7,200. அதைக் கழித்தால் 13,800. போன 14 நாளுக்கும் பிரித்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாவும் வராது. இந்த நாட்டில் 2026 ஜனவரியில் இருந்து சட்டப்படியான குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. சட்டத்தின் கணக்கில் ஓட்டோக் காசு சேராது என்பது நமக்கும் தெரியும். ஆனால் வீட்டுக் கணக்கில் சேரும்தானே?

இப்போது கேட்கிறோம். அந்த போட்டோவில் பிழை எங்கே இருந்தது? பிள்ளையின் டீசேட்டிலா, அல்லது அவளை நிற்க வைத்தவரின் கொப்பியிலா?

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். ஒரு சலவைத்தூள் கம்பனி, ஒரு பிஸ்கட் கம்பனி, ஒரு போன் கம்பனி தனது பொருளை ஊர் ஊராக அறிமுகப்படுத்த விரும்பும். அந்த வேலையைக் கொழும்பில் உள்ள விளம்பர ஏஜன்சியிடம் கொடுக்கும். ஏஜன்சி அதை இப்படியான நிகழ்ச்சிகளை நடத்துகிற இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கும். 'எக்டிவேஷன்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அந்த நிறுவனம் மாவட்டத்துக்கு ஒரு கோர்டினேட்டரைப் பிடிக்கும். கோர்டினேட்டர் ஊருக்கு ஒருவரைப் பிடிப்பார். அந்த ஊர்க்காரர்தான் நமது பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் போடுவார், "பெருநாள் புரமோஷன், 12 நாள், நல்ல சம்பளம்" என்று.

காசும் அதே ஏணியால்தான் இறங்கி வரவேண்டும். கம்பனி ஏஜன்சிக்குக் கொடுக்க இரண்டு மாதம் எடுக்கலாம். ஏஜன்சி அடுத்தவருக்குக் கொடுக்க இன்னும் கொஞ்சக் காலம். மேலே இருக்கிற எல்லோரும் பில் போட்டு, எழுத்தில் ஒப்பந்தம் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் நிற்பது ஏணியின் கடைசிப் படியில் நிற்கிற 19 வயதுப் பிள்ளை மட்டும்தான். அதனால் எங்கே குறைந்தாலும் அவளின் காசுதான் குறையும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் காசை வெட்டியவர் கொழும்புக்காரர் இல்லை. நமது ஊர்க்காரர். ஐந்து நேரமும் பள்ளியில் காண்கிற முகம்.

இதற்காக "இந்த வேலையே வேண்டாம், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்" என்று நாம் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்வது லேசு. ஆனால் பரீட்சை முடிந்து கம்பஸ் கிடைக்கும் வரை நமது பிள்ளைகள் எவ்வளவு காலம் வீட்டில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் நிரந்தர வேலை எடுக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கம்பியூட்டர் கோர்ஸ் காசு, இங்கிலீஷ் கிளாஸ் காசு, தம்பியின் டியூஷன் காசு எல்லாம் இருக்கிறது. பத்து நாள் வேலை, பிறகு ஒரு மாதம் ஓய்வு, பிறகு ஐந்து நாள் வேலை என்கிற ஒழுங்கு அவர்களுக்குப் பொருந்துகிறது. அதோடு, பாடசாலையில் பதின்மூன்று வருடம் இருந்தும் நம்மால் கற்றுக்கொடுக்க முடியாததை ஒரு மேசைக்குப் பின்னால் பத்து நாள் நின்றால் கற்றுக்கொள்கிறார்கள். தெரியாத மனிதரிடம் முகம் பார்த்துப் பேசுவது, "வேண்டாம்" என்று சொன்னால் மனம் உடையாமல் அடுத்தவரிடம் போவது, உடைந்த சிங்களத்தை உடையாத சிங்களமாக்குவது.

வியாபாரம் நமக்குப் புதிதில்லை. நமது மூத்தவர்கள் துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள். கதீஜா நாயகியின் பொருளைக் கொண்டுபோய் நேர்மையாக விற்றுக் கொடுத்தவர்தான் நமது நபி. ஒருவரின் பொருளை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பொய் சொல்லி விற்பதில்தான் வெட்கம் இருக்கிறது.

ஆகவே, வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு நாம் அறிந்தவரை சில விடயங்கள்.

எப்போது, எங்கே தேடுவது? நோன்பின் கடைசி இரண்டு வாரம், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்கள், டிசம்பர் மாதம், பாடசாலைத் தவணை தொடங்கும் காலம் ஆகியவைதான் பருவம். கொழும்பில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிகள் இருக்கின்றன. செப்டம்பரில் நடக்கும் சர்வதேச புத்தகக் கண்காட்சியில் ஸ்டோலில் நிற்கப் பிள்ளைகள் தேவைப்படுவார்கள். பருவம் தொடங்கி வேலை தேடினால் பிந்திவிடும். ஒரு மாதத்துக்கு முதலே உங்கள் டவுனில் அந்தப் பொருளை விநியோகிக்கும் டிஸ்ரிபியூட்டரிடம் போய்ப் பெயர் கொடுங்கள். சுப்பர்மார்க்கட்டில் ஏற்கெனவே நிற்கிற புரமோட்டரிடம் யார் உங்களை எடுத்தது, ஒழுங்காகக் காசு தருகிறாரா என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

என்ன அனுப்புவது? பெயர், வயது, ஊர், எந்த நாட்களில் வரமுடியும், என்ன மொழி பேசுவீர்கள் என்பது போதும். தமிழும் சிங்களமும் பேசுகிற பிள்ளைக்குக் கிழக்கில் எப்போதும் கிராக்கி இருக்கிறது. அம்பாறை டவுனிலும் நிற்கலாம், அக்கரைப்பற்றிலும் நிற்கலாம். அடையாள அட்டையின் இரு பக்கமும் போட்டோ எடுத்து முன்பின் தெரியாத நம்பருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் அட்டையில் யாரோ சிம் எடுத்தால் பொலிஸில் பதில் சொல்வது நீங்கள். வங்கிக் கணக்கு நம்பர் கொடுக்கலாம். போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

எதை ஒதுக்குவது? வேலைக்குச் சேர உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. "மார்க்கெட்டிங் பார்ட் டைம்" என்று ஹோட்டல் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, பொருளை வாங்கிவிட்டு இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கச் சொன்னால் அது பிரமிட். இந்த நாட்டில் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவில் தடை செய்யப்பட்டது. சேர்ந்தவரும் அடுத்தவரைச் சேர்த்தால் குற்றத்தில் பங்காளி ஆவார். சிகரட்டுக்கும் மதுபானத்துக்கும் விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அப்படியொரு வேலை வந்தால் மார்க்கத்தாலும் கூடாது, சட்டத்தாலும் கூடாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைப்பதும் குற்றம். ஓ.எல் படிக்கிற தம்பியைக் கூட்டத்தைக் கூட்டப் பொம்மை வேஷத்துக்குள் நிற்க வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விடயம். வேலை தொடங்க முந்திய நாள் இரவு, உங்களை எடுத்தவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்.

"நானா, நாளைக்கு வேலைக்கு வாறன். நீங்க சொன்னத ஒருக்கா எழுதுறன், பிழை எண்டா சொல்லுங்க. மொத்தம் 12 நாள். ட்ரெயினிங் 2 நாள், அதுக்கும் காசு உண்டு. ஒரு நாளைக்கு 2,500. நேரம் பின்னேரம் 2 மணி தொடக்கம் 10 மணி வரை, நோன்பு திறக்க அரை மணித்தியாலம். இரவு வீட்டுக்குப் போக வாகனம் அல்லது ஓட்டோக் காசு. டீசேட்டுக்குக் காசு வெட்டுறல்ல. டார்கட் போகாட்டியும் நாட்கூலியில கை வைக்கிறல்ல. காசு இன்ன திகதிக்கு முன்னுக்குக் கணக்குக்கு வரும். சரியா?"

அவர் "ஓகே" என்று ஒரு சொல் போட்டால் போதும். அதை அழிக்காமல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் நீங்கள் அனுப்புகிற வேலைப் போட்டோவையும் வையுங்கள். வந்ததற்கும் நின்றதற்கும் அதுதான் சாட்சி. பதில் போடாமல் "எல்லாம் பேசிக்கலாம் தங்கச்சி" என்று கோல் எடுத்தால், அந்த வேலைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

சிலர் சொல்வார்கள், இப்படிக் கேட்டால் மரியாதை இல்லை, நமது ஆளிடம் எழுதிக் கேட்பதா என்று. குர்ஆனில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? சூரா பகராவின் 282ஆவது வசனம். தவணை குறித்த கடனை எழுதி வைக்கும்படியும் சாட்சி வைக்கும்படியும் சொல்கிற வசனம் அது. இன்று வேலை, இரண்டு மாதம் கழித்துக் காசு என்றால் அதுவும் தவணை குறித்த கடன்தானே? நம்பிக்கை இருக்கிற இரண்டு மூமின்களுக்கு இடையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறது. எழுதக் கேட்பது சந்தேகம் இல்லை. மார்க்கம் சொன்ன ஒழுங்கு.

சட்டமும் நமது பக்கம்தான் இருக்கிறது, தெரியாமல்தான் இருக்கிறோம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் இருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு. வேலையின் விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும், பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதற்கு வரையறையும் அதிலேயே உண்டு. ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஊழியருக்கும் உரியது. ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். "நீ ஊழியர் இல்லை, சும்மா புரமோட்டர்" என்று சொல்லி இதையெல்லாம் கடந்து போகிறார்கள். நேரம் குறித்து, உடுப்புக் கொடுத்து, பிந்தினால் காசு வெட்டுகிறவர் முதலாளி இல்லை என்றால் வேறு யார்? காசு வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. அந்த மெசேஜ் தேவை.

பெண் பிள்ளைகளின் விடயத்துக்கு வருகிறோம். இதில்தான் நம்மை ஏசப் போகிறீர்கள் என்று தெரியும்.

பயம் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது. இரவு 10 மணிக்குத் தனியே ஓட்டோவில் வருவது நமக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையின் போட்டோவைக் குரூப்பில் போடுவதா? கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மஃரிபுக்கு முன் முடிகிற நேரமுறை தரலாமா? இரண்டு பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தலாமா? டீசேட்டுக்குப் பதில் அபாயாவுக்கு மேலே போடும் நீளமான மேற்சட்டை தரலாமா? தொழுவதற்கும் மலசலகூடத்துக்கும் எங்கே இடம்? இவற்றைக் கேட்டால் தருகிற கம்பனிகள் இருக்கின்றன. நமது ஊரில் பொருள் விற்க வேண்டும் என்றால் நமது ஊரின் முறைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் 19 வயதுப் பிள்ளை தனியே கேட்டால் "அப்ப நீ வராத" என்பார்கள். வாப்பா கேட்டால், பள்ளிவாசல் நிர்வாகம் கேட்டால், கடைக்காரர் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் வாப்பா இரண்டு வருடமாக முதுகு நோயால் கடலுக்குப் போக முடியாமல் இருக்கிறார். "வாப்பா இல்லையா" என்று எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

கடை வைத்திருக்கிற, டிஸ்ரிபியூட்டராக இருக்கிற, புரமோஷனுக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கிற நமது சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருக்கிறோம். மேலிருந்து காசு பிந்தும் என்பது உங்களுக்கு முதலே தெரியும். அதைப் பிள்ளைக்கும் முதலே சொல்லுங்கள். முடிந்தால் கடைசி நாளில் பாதியாவது கையில் கொடுங்கள். நீங்கள் எடுக்கிற கமிஷன் எவ்வளவு என்று மறைக்காதீர்கள், எடுப்பதில் குற்றம் இல்லை. உங்கள் கடை வாசலில் யாராவது கூடாரம் அடித்தால், நிற்கிற பிள்ளைக்கு ஒரு கதிரையும் தண்ணீரும் கொடுங்கள். அவளின் முதலாளி யார், காசு எப்போது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வாசல்தானே.

ஆசிரியர்களான நாமும் தப்ப முடியாது. ஏ.எல் வரைக்கும் வர்த்தகமும் கணக்கீடும் படிப்பிக்கிறோம். சம்பளச் சீட்டை வாசிக்க, ஒரு கடிதம் கேட்க, "எழுதித் தாங்க" என்று மரியாதையாகச் சொல்லப் படிப்பிக்கவில்லை. இந்த வருடம் பரீட்சைக்கு முந்திய கிழமை, நமது வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கப் போகிறோம். மேலே போட்ட அந்த மெசேஜ்தான் பாடம். மற்ற பாடசாலை ஆசிரியர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள், நமது பெயர் போடத் தேவையில்லை.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவில்லையே. அவளின் உம்மாவும் நாமும் அந்த ஊர்க்காரரைப் போய்க் கண்டோம். சத்தம் போடவில்லை. கொப்பியைக் காட்டினோம். ட்ரெயினிங் காசு 5,000 ரூபாவைத் தந்தார். டார்கட் காசுக்கு மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இதை எழுதும் வரை சொல்லவில்லை. பிள்ளை நம்மிடம் கேட்டாள், "டீச்சர், டிசம்பருக்கு இன்னொரு கம்பனி கூப்பிடுது. போகலாமா?"

"உம்மா வாப்பாட்டக் கேளு மகள். அவங்க சரியெண்டா போ. போக முதல் அந்த மெசேஜ போடு" என்றோம்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், கம்பனியின் பெயர் வேண்டாம், கணக்கை மட்டும் எழுதுங்கள். சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எத்தனை நாளில். அடுத்த நோன்புக்கு முன் அந்தக் கணக்குகளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் நிர்வாகத்தையும் வர்த்தகர் சங்கத்தையும் சந்திக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அடுத்த தடவை கடை வாசலில் ஒரு பிள்ளை நின்றால் போனை எடுத்துப் போட்டோ பிடிக்காதீர்கள். ஒரு கூப்பன் வாங்குங்கள். ஸலாம் சொல்லுங்கள். அது யாரோ ஒருவரின் வீட்டு அடுப்பு.